வெயில் அறுவடை – 9: பால்மரம் நின்ற இடத்தில்

சென்ற வாரம் பினாங்கின் பாயான் லெப்பாசில் இருந்தோம். 1972இல் அங்கே திறக்கப்பட்ட சுதந்திர வர்த்தக வட்டாரம், மலேசியத் தொழிலாளியின் கைக்குச் சிலிக்கானைப் பழக்கிக் கொடுத்த கதையைப் பார்த்தோம். இந்த வாரம் தெற்கே இறங்கி, கோலாலம்பூரைத் தாண்டி, காஜாங்குக்கு வருகிறோம்.

காஜாங் என்றால் பலருக்கும் சாத்தேதான் நினைவுக்கு வரும். 2017இல் எம்ஆர்டி ரயில் வந்தபின், கோலாலம்பூர்க்காரர்கள் சனிக்கிழமை மாலையில் ஏறி வந்து சாப்பிட்டுவிட்டுத் திரும்புகிறார்கள். நம் தொடருக்கு இந்த ஊர் வேறொரு காரணத்துக்காக வேண்டும். காஜாங்கும் பாங்கியும் ஒரே நகராண்மைக் கழகத்தின் கீழ் வருபவை. பக்கத்துப் பக்கத்து ஊர்கள். சோலார் தகட்டை வெளிநாட்டிலிருந்து வாங்கி வைக்கும் சாமானாக மட்டுமே நாடு அறிந்திருந்த நாளில், அதை எப்படி வடிவமைத்தால் மண்ணுக்குப் பாரம் குறையும் என்று யோசித்தவர்கள் இந்தச் சிறிய வட்டத்துக்குள் வேலை செய்தார்கள். அவர்கள் வேலை செய்த மண்ணோ, அதற்கு முன் நம்மவர்கள் வேலை செய்த மண்.

வெயிலுக்கு முந்திய வேலை

1895ஆம் ஆண்டு வாக்கில், காஜாங்கின் இன்ச் கென்னத் தோட்டத்தில் கிண்டர்ஸ்லி சகோதரர்கள் சில ஏக்கரில் ரப்பர் கன்றுகளை நட்டார்கள். அதுவரை காப்பி பயிரான நிலம் அது. மலாயாவில் வணிகத்துக்காக நடப்பட்ட முதல் ரப்பர் நிலங்களில் ஒன்றாக அந்தச் சில ஏக்கர் வரலாற்றில் நிற்கிறது. கார் டயருக்கு ரப்பர் கேட்டு உலகம் அலைந்த காலம் அடுத்து வந்தது. உலு லங்காட் வட்டாரம் முழுக்கப் பால்மரக் காடானது. தமிழகத்திலிருந்து கப்பலேறி வந்தவர்கள் அந்தக் காட்டுக்குள் லயங்களில் குடியேறினார்கள்.

பால்வெட்டு விடியுமுன் தொடங்கும் வேலை. இரவின் குளிர்ச்சியில் மரம் நீர் நிறைந்து நிற்கும். பட்டைக்குள் பாலின் அழுத்தம் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். வெயில் ஏறினால் இலைகள் நீரை ஆவியாக்கும், அழுத்தம் இறங்கும், பால் வற்றும். அதனால் இருட்டில் விளக்குக் கட்டிக்கொண்டு ஓடி ஓடி வெட்ட வேண்டும். வெயிலோடு போட்டி போட்டு வெல்ல வேண்டும்.

பால் ஆலைக்குப் போன பிறகும் வெயிலுக்கு அங்கே இடமில்லை. உறையவைத்து, உருளையில் அழுத்திய ரப்பர் தாளை நேர் வெயிலில் போட்டால் பிசுபிசுத்துவிடும். ஆகவே மூடிய கூடத்துக்குள் தொங்கவிட்டு, கீழே ரப்பர் விறகை மூட்டி, நாலைந்து நாள் புகையில் உலர்த்தினார்கள். புகை பூஞ்சை பிடிக்காமல் காத்தது. வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருக்க, உள்ளே விறகு எரிந்தது.

அந்தத் தோட்டத்தில் இன்னொரு பழக்கமும் இருந்தது. இந்த அத்தியாயம் முழுக்க அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வெட்டுக் கோட்டில் காய்ந்து ஒட்டிய பாலை உரித்துக் கூடையில் போடுவார்கள். அது ஒட்டுப்பால். மங்கில் மிஞ்சி உறைந்ததைத் தோண்டி எடுப்பார்கள். அது கட்டிப்பால். மண்ணில் சிந்திக் காய்ந்ததைக்கூடப் பொறுக்குவார்கள். ஒவ்வொன்றுக்கும் தனி எடை, தனி விலை. மரம் கொடுத்த எதுவும் வீணாகக் கூடாது என்பது தோட்டத்தின் கணக்கு. அந்தக் கணக்கின் லாபம் யாருக்குப் போனது என்பது வேறு கதை. அந்தக் கணக்கைக் கைகளில் சுமந்தவர்கள் நம் பாட்டிமார்கள்.

தோட்டம் போய் வளாகம் வந்தது

1970களில் சிலாங்கூர் மாநில மேம்பாட்டுக் கழகம் பாங்கியில் ஒரு புதுநகரத்தைத் தொடங்கியது. 1970இல் கோலாலம்பூரில் பிறந்த மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம், 1977இல் பாங்கியின் 1,096 ஹெக்டர் வளாகத்துக்குக் குடிபெயர்ந்தது. மின்சார வாரியத்தின் பயிற்சி நிலையத்திலிருந்து வளர்ந்த தெனாகா நேஷனல் பல்கலைக்கழகம், அதாவது யுனிடென், 1997இல் காஜாங்கை ஒட்டி உருவானது. தெனாகாவின் ஆய்வு நிறுவனமும் காஜாங்கிலேயே அமைந்தது.

மேற்குநாட்டுத் தோட்டம், பாங்கித் தோட்டம் என்று தமிழர்கள் ஊர்ப்பெயராகச் சொல்லிவந்த பெயர்கள், வீடமைப்புத் திட்டங்களின் வரைபடத்துக்குள் ஒவ்வொன்றாகக் கரைந்தன. லயத்தில் பிறந்தவர்கள் தாமான் வீடுகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் போனார்கள். பிள்ளைகள் பலர் பாங்கியின் மின்னணு ஆலைகளில் இரவு வேலைக்குப் போனார்கள். விடியலில் பால் வெட்டியவர்களின் பிள்ளைகள் விடியலில் வேலை முடிந்து திரும்பினார்கள். அந்த இடப்பெயர்ச்சியின் வலி நம் இலக்கியத்தில் நிறையவே பதிவாகியிருக்கிறது. வலியோடு சேர்த்து, அந்த நிலத்தில் அடுத்து எது முளைத்தது என்பதையும் நாம் பதிவுசெய்ய வேண்டும் என்பது என் எண்ணம்.

ஒரு தகடு, இரண்டு விளைச்சல்

பாங்கி வளாகத்தில் சூரிய ஆராய்ச்சி எளிய இடத்தில் தொடங்கியது: உலர்த்துவதில். பேராசிரியர்கள் முகமது யூசோப் ஒத்மான், பகாருதீன் யாத்திம், கமாருசமான் சோப்பியான் முதலியோர் காற்றைச் சூடாக்கும் வெயில் சேகரிப்பான்களை வடிவமைத்தார்கள். வெயிலில் நேரடியாகக் காயப்போடாமல், வெயில் சூடாக்கிய காற்றை மூடிய அறைக்குள் செலுத்தும் முறை அது. தூசி இல்லை, ஈ இல்லை, திடீர் மழைக்குப் பயமில்லை, நிறமும் மணமும் கெடுவதில்லை. மிளகாய், கடற்பாசி, எண்ணெய்ப்பனை ஓலை என்று பலவற்றை உலர்த்திப் பார்த்தார்கள். ஒருகாலத்தில் விறகுப் புகையில் ரப்பர் உலர்ந்த வட்டாரத்தில், உலர்த்தும் வேலை மறுபடியும் வெயிலின் கைக்கு வந்தது.

அந்தச் சேகரிப்பானில் ஒரு நுட்பம் இருந்தது. காற்று முதலில் தகட்டின் மேற்புறமாக ஓடும். பிறகு திரும்பி அடிப்புறமாக ஓடும். ஒரே தகட்டை இரண்டு முறை தடவிச் செல்வதால் கிடைக்கும் வெப்பம் கூடும். தகட்டை ஆங்கில வி எழுத்துப் போல மடித்தால், அதே பரப்பில் வெப்பம் வாங்கும் முகம் இன்னும் பெருகும். பெரிய தகடு வேண்டாம், கூடுதல் உலோகம் வேண்டாம். இருக்கும் பொருளிடம் கூடுதல் வேலை வாங்குகிறோம். சுற்றுச்சூழலுக்கு இணக்கமான வடிவமைப்பின் முதல் பாடம் இதுதான்.

அடுத்த படி மின்சாரம். சிலிக்கான் தகட்டுக்கு வெளிச்சம் வேண்டும், சூடு ஆகாது. 25 பாகை செல்சியசுக்கு மேல் ஏறும் ஒவ்வொரு பாகைக்கும் அதன் மின்திறன் ஏறத்தாழ 0.4 சதவீதம் இறங்கும். நம் நாட்டு நண்பகலில் கூரைமேல் தகடு 60 பாகையைத் தொடும். அப்படியானால் பெட்டிமேல் எழுதியிருக்கும் திறனில் ஏழில் ஒரு பங்கு வெப்பத்துக்கே போகிறது. குளிர்நாட்டில் பிறந்த வடிவம் வெப்பநாட்டுக்கு வரும்போது படும் பாடு இது.

பாங்கி ஆய்வாளர்கள் இந்தக் குறையையே வரவாக மாற்ற முனைந்தார்கள். தகட்டின் முதுகுப் பக்கம் காற்றையோ நீரையோ ஓடவிட்டால் தகடு குளிரும், மின்சாரம் கூடும். வெளியேறும் சூடு, உலர்த்தவோ குளிக்க வெந்நீருக்கோ ஆகும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய். 1990களின் நடுவிலேயே கமாருசமான் சோப்பியான் இந்த இரட்டைத் தகட்டைப் பற்றி ஆய்வுக் கட்டுரைகள் எழுதினார். 2005இல் பல்கலைக்கழகத்தில் சூரிய ஆற்றல் ஆராய்ச்சிக் கழகம் தனி நிறுவனமாக அமைந்தபோது அதன் நிறுவன இயக்குநரும் அவரே. இரண்டு கருவிகளுக்கு வேண்டிய கண்ணாடியும் அலுமினியமும் கூரை இடமும் ஒன்றுக்குள் அடங்குவதுதான் அந்தத் தகட்டின் அழகு.

1998: ஒரு கல்லூரிக் கூரை

1998இல் யுனிடெனின் பொறியியல் கல்லூரிக் கூரையில் தெனாகா ஆய்வு நிறுவனம் 3.15 கிலோவாட் தகடுகளைப் பொருத்தியது. மின்வாரியக் கம்பியோடு நேரடியாக இணைந்த நாட்டின் முதல் சூரியக் கூரைகளில் அது ஒன்று. நாளொன்றுக்குப் பத்து யூனிட் அளவுக்கு மின்சாரம். இன்றைய கணக்கில் ஒரு மொட்டைமாடி வீட்டுக்குப் போடும் அளவுகூட இல்லை.

அதுவரை மலேசியாவில் சோலார் என்றால் சபா, சரவாக்கின் உட்கிராமங்களுக்கும் மின்கம்பி போகாத இடங்களுக்கும் உரியது. அங்கே பேட்டரி கட்டாயம். ஈயமும் அமிலமும் நிறைந்த அந்தப் பேட்டரிதான் முழு அமைப்பிலும் முதலில் பழுதாவது, மண்ணுக்கு அதிகம் கெடுதல் செய்வது. கூரையை மின்கம்பியோடு இணைத்தால் பேட்டரி வேண்டாம். பகலில் மிஞ்சுவதைக் கம்பி வாங்கிக்கொள்ளும், இரவில் திருப்பிக் கொடுக்கும். ஒரு பொருளை எவ்வளவு நல்லதாகச் செய்யலாம் என்று கேட்பதற்கு முன், அது இல்லாமலே முடியுமா என்று கேட்க வேண்டும். காஜாங்கின் அந்தச் சிறிய கூரை அந்தக் கேள்வியைக் கேட்டது.

தெனாகா ஆய்வு நிறுவனத்தில் இப்பணியில் இருந்த பொறியாளர் அகமது ஹாட்ரி ஹாரிஸ் அடுத்த கட்டத்துக்கும் தலைமை ஏற்றார். 2005இல், ஐநா வளர்ச்சித் திட்டமும் உலகச் சுற்றுச்சூழல் நிதியமும் மலேசிய அரசும் சேர்ந்து, கட்டடத்தோடு ஒன்றிய சூரிய மின்திட்டத்தைத் தொடங்கின. நடத்தும் பொறுப்பு மலேசிய எரிசக்தி மையத்துக்கு வந்தது. அந்த மையம் குடியேறியது பண்டார் பாரு பாங்கியில்.

'கட்டடத்தோடு ஒன்றிய' என்ற சொல்லைக் கவனியுங்கள். வழக்கமாக நாம் ஓட்டுக் கூரை போட்டு, அதன்மேல் இரும்புச் சட்டம் அடித்து, அதன்மேல் தகட்டை வைக்கிறோம். இந்தத் திட்டம் தகட்டையே கூரையாகப் போடச் சொன்னது. தகடு மழையைத் தடுக்கும், நிழல் தரும், மின்சாரமும் தரும். அதற்கு அடியில் ஓடு தேவையில்லை. சூளையில் சுடப்படாத அந்த ஓடும், உருக்கப்படாத அந்த இரும்பும் நிலத்திலேயே கிடக்கும்.

2006இல் 'சூரியா 1000' என்ற பெயரில் வீட்டுக்காரர்களை அழைத்தார்கள். தள்ளுபடியை ஏலம் விட்டார்கள். குறைந்த தள்ளுபடி கேட்டவருக்கு முதல் வாய்ப்பு. சுற்றுக்குச் சுற்று மக்கள் தங்கள் கையிலிருந்து போடத் துணிந்த பணம் கூடியது, பொருத்துகிறவர்களின் கையும் தேர்ந்தது. 2005இல் ஒரு கிலோவாட்டுக்கு ஏறத்தாழ 31,000 ரிங்கிட் ஆன செலவு, 2010இல் 20,000 ரிங்கிட்டுக்குக் கீழே வந்தது.

பாங்கியின் நான்கு கூரைகள்

எரிசக்தி மையம் தனக்கென ஒரு கட்டடத்தைக் கட்டிக்கொண்டது. 2007இல் எழுந்த அந்த அலுவலகத்துக்கு முதலில் 'சுழிய ஆற்றல் அலுவலகம்' என்றும் பிறகு 'பசுமை ஆற்றல் அலுவலகம்' என்றும் பெயர். மொத்தம் 92 கிலோவாட் தகடுகள். அத்தனையையும் ஒரே மாதிரி அடுக்காமல், நான்கு இடத்துக்கு நான்கு வகையாக வடிவமைத்தார்கள்.

முதன்மைக் கூரையில் 47.28 கிலோவாட் பல்படிகச் சிலிக்கான். அதிகப் பரப்பு இருக்கும் இடத்தில் விலை குறைந்த வகை. இரண்டாவது கூரையில் 6.08 கிலோவாட் மென்படலத் தகடு. வெப்பத்தில் அதிகம் சோராத வகை அது. கட்டடத்தின் நடுமுற்றத்துக்கு மேலே 11.64 கிலோவாட் கண்ணாடித் தகடுகள். இரண்டு கண்ணாடிகளுக்கு இடையே செல்களை இடைவெளி விட்டுப் பதித்திருந்தார்கள். இடைவெளி வழியே பகல் வெளிச்சம் முற்றத்துக்குள் இறங்கும். செல்கள் நிழல் தரும். நம் ஊர் முற்றத்து வீட்டில் தென்னங்கீற்றுப் பந்தல் செய்யும் வேலையை மின்சாரம் தரும் பந்தல் செய்தது. நான்காவது, கார் நிறுத்துமிடத்தின் கூரை: 27 கிலோவாட். அங்கே தகடுதான் கூரை.

தகடுகளுக்குக் கீழே நடந்த வேலை இன்னும் முக்கியம். மேல்மாடி கீழ்மாடிக்கு நிழல் தரும்படி சுவர்கள் சாய்ந்து இறங்கின. பகல் வெளிச்சத்தைக் கண்ணாடிகள் உள்ளே ஆழமாகத் தள்ளின. கான்கிரீட் தளத்துக்குள் குழாய் பதித்து, இரவில் தளத்தையே குளிர்வித்து வைத்தார்கள். பகலில் அந்தக் குளிர்ச்சி மெல்ல வெளிவந்தது. வழக்கமான அலுவலகக் கட்டடம் சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு 200 யூனிட்டுக்கு மேல் கேட்கும் ஊரில், இந்தக் கட்டடம் சுமார் 65 யூனிட்டுக்கு வடிவமைக்கப்பட்டது. 2009இல் மலேசியாவின் பசுமைக் கட்டடக் குறியீடு அறிமுகமானபோது முதல் சான்று இதற்குத்தான் கிடைத்தது.

முதலில் தேவையைக் குறை, பிறகு தகட்டைப் போடு என்ற வரிசையை நம்மில் பலர் தலைகீழாகச் செய்கிறோம். ஓட்டை வாளியை வைத்துக்கொண்டு இன்னொரு குழாய் போடுகிறோம்.

பாங்கியில் பிறந்த இந்தச் சிந்தனை சட்டத்துக்குள்ளும் போனது. 2011 டிசம்பர் 1இல் சூரிய மின்சாரத்தை மின்வாரியம் உறுதியான விலைக்கு வாங்கும் திட்டம் நடைமுறைக்கு வந்தது. சிறிய வீட்டுக் கூரைக்கு ஒரு யூனிட் 1 ரிங்கிட் 23 சென், 21 ஆண்டு ஒப்பந்தம். அதற்கு மேல் ஊக்கத்தொகைகள்: கட்டடத்தின் மீது அமைத்தால் 26 சென் கூடுதல், தகடே கட்டுமானப் பொருளாக நின்றால் 25 சென் கூடுதல், தகடு உள்நாட்டில் செய்யப்பட்டதாக இருந்தால் 3 சென் கூடுதல். ஒரு பொருளின் வடிவமைப்புக்குச் சென் கணக்கில் மதிப்புப் போட்ட சட்டம் அது.

ஆலைகள் வந்தன

கூரைகள் ஒருபக்கம் வளர, இன்னொரு பக்கம் ஆலைகள் வந்து இறங்கின. அமெரிக்காவின் ஃபர்ஸ்ட் சோலார் கெடாவின் கூலிமில் 2008இல் உற்பத்தியைத் தொடங்கியது. ஜெர்மனியின் கியூசெல்ஸ் சிலாங்கூரிலேயே, காஜாங்கிலிருந்து அரைமணி நேரக் கார்ப் பயணத்தில் இருக்கும் சைபர்ஜெயாவில் ஆலை கட்டியது. 2012இல் அந்த நிறுவனம் நொடித்தபோது கொரியாவின் ஹன்வா அதை வாங்கிக்கொண்டது. மலாக்காவில் சன்பவர் வந்தது, கூலிமில் பேனசோனிக் வந்தது. உலகின் பெரிய தகடு உற்பத்தி நாடுகளின் வரிசையில் மலேசியா இடம்பிடித்தது.

வெயிலில் விளையும் மின்சாரம் தூய்மையானது. தகடு தூய்மையாகப் பிறக்கிறதா? இந்தக் கேள்வியை நேர்மையாகக் கேட்டவர்களால்தான் தகட்டின் வடிவம் மாறியது.

சிலிக்கான் 1,414 பாகையில் உருகும். உருக்கி, தூணாக வளர்த்து, மெல்லிய சில்லுகளாக அறுக்க வேண்டும். கம்பியில் உராய்வுத் தூளையும் எண்ணெய் போன்ற திரவத்தையும் ஓடவிட்டு அறுத்த காலத்தில், அறுப்பிலேயே பாதிக்கு நெருக்கமான சிலிக்கான் சேறாகக் கரைந்தோடியது. வைரத்தூள் பதித்த மெல்லிய கம்பி வந்தபின் வெட்டு ஒடுங்கியது, வெறும் நீரே போதும் என்றானது. 2000களின் தொடக்கத்தில் 300 மைக்ரான் தடிமனாக இருந்த சில்லு இன்று அதில் பாதி. ஒரு வாட்டுக்கு ஏறத்தாழ 16 கிராம் சிலிக்கான் தேவைப்பட்டது 2004இல்; இப்போது இரண்டு, இரண்டரை கிராம்தான். தகடு தன்னைச் செய்யச் செலவான ஆற்றலைத் திருப்பித் தர ஓர் ஆண்டோ, அதற்குச் சற்று மேலோ போதும் என்ற நிலை இப்படித்தான் வந்தது.

கூலிமின் தகடு வேறு சாதி. அதில் சிலிக்கான் இல்லை. கேட்மியம் டெலுரைடு என்ற பொருள் கண்ணாடிமேல் சில மைக்ரான் படலமாகப் படிகிறது. இந்த வகை மென்படலத்தை நம் பாங்கி வளாகத்திலும் பேராசிரியர் நவ்ஷாத் அமீன் நீண்டகாலம் ஆராய்ந்தார். பிறகு யுனிடெனிலும் அந்தப் பணியைத் தொடர்ந்தார். பொருள் மிகக் குறைவு, வெப்பத்தில் சோர்வும் குறைவு. ஆனால் கேட்மியம் நச்சு. அதனால்தான் ஃபர்ஸ்ட் சோலார் 2005லேயே, விற்ற தகட்டைத் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்யும் ஏற்பாட்டைத் தொடங்கியது. தகட்டை நொறுக்கி, படலத்தை அமிலத்தில் கரைத்து, கண்ணாடியையும் உலோகங்களையும் தனித்தனியே மீட்கிறார்கள். பத்தில் ஒன்பது பங்கு திரும்பக் கிடைக்கிறது. கூலிம் ஆலையிலும் அதற்கான பிரிவு இருக்கிறது. நச்சு இருப்பதை மறைக்க முடியாதவர்கள் முடிவைப் பற்றி முதலிலேயே யோசித்தார்கள். நச்சு குறைவென்று நிம்மதியாக இருந்த சிலிக்கான் தகட்டுக்காரர்கள்தான் பல காலம் யோசிக்காமல் இருந்தார்கள்.

பிரிக்க முடியாத பசை

சிலிக்கான் தகட்டின் சிக்கல் ஒரு பசையில் இருக்கிறது. முன்னே கண்ணாடி, பின்னே பிளாஸ்டிக் விரிப்பு, நடுவில் செல்கள். இவற்றை ஒட்டுவது எத்திலீன் வினைல் அசிடேட். செருப்பின் மெத்தென்ற அடிப்பாகத்தில் இருப்பதும் இதே பொருளின் குடும்பம்தான். 150 பாகை அளவில் அழுத்திச் சூடாக்கினால் அது குறுக்குப் பிணைப்பு கொண்டு இறுகிவிடும், மறுபடி உருகாது. மழையும் ஈரமும் 25 ஆண்டு உள்ளே போகாமல் காப்பது அந்த இறுக்கம். 25 ஆண்டுக்குப் பின் தகட்டைப் பிரிக்க விடாமல் தடுப்பதும் அதே இறுக்கம்.

தகட்டின் எடையில் முக்கால் பங்கு கண்ணாடி. ஓரத்தில் அலுமினியச் சட்டம். உள்ளே கொஞ்சம் தாமிரம், துளி வெள்ளி, பற்றவைப்பில் சில கிராம் ஈயம். சட்டத்தைக் கழற்றுவது எளிது. மற்றதைப் பிரிக்க முடியாமல், முழுதாக நொறுக்கி மலிவான கண்ணாடித் தூளாக விற்கும் வழக்கமே உலகில் பரவலாக இருந்தது. பின்விரிப்பில் ஃப்ளோரின் கலந்த பிளாஸ்டிக் இருந்தால் எரிக்கவும் கூடாது; நச்சுப் புகை வரும். மின்சாதனங்களில் ஈயத்தைக் கட்டுப்படுத்திய ஐரோப்பியச் சட்டம்கூட 2011இல் சூரியத் தகட்டுக்கு விலக்கு அளித்தது. 2012இல் அதே ஐரோப்பா, கழிந்த தகட்டைத் திரும்பப் பெறும் பொறுப்பைத் தயாரிப்பாளர் தலையில் வைத்தது.

மாற்று வழிகளும் பிறந்தன. பின்விரிப்புக்குப் பதில் இருபுறமும் கண்ணாடி, ஈயமில்லாத பற்றவைப்பு, பின்னாளில் சூடாக்கினால் இளகும் வேறு பசை. ஜப்பானில் 300 பாகை சூடேற்றிய கத்தியால் கண்ணாடியைச் செல்லிலிருந்து சீவிப் பிரிக்கும் இயந்திரம் வந்தது. பிரான்சின் அப்பொலோன் சோலார் நிறுவனம் பசையையே விட்டுவிட்டது. இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே செல்களைப் பற்றவைக்காமல் வைத்து, உள்ளே காற்றழுத்தத்தைக் குறைத்து, வெளிக்காற்றின் அழுத்தமே அவற்றை இறுக்கிப் பிடிக்கும்படி செய்தது. ஓரத்தை மட்டும் ஒரு செயற்கை ரப்பரால் அடைத்தது. அந்த ஓரத்தை அறுத்தால் தகடு புத்தகம் போலத் திறக்கும். செல்லும் கண்ணாடியும் முழுதாக வெளிவரும். ஒரு ரப்பர் விளிம்பு தகட்டுக்கு இரண்டாம் பிறவி தரும் என்பதைப் படித்தபோது, எனக்குக் காஜாங்கின் பால்மரங்கள்தான் கண்முன் வந்தன.

மரத்தின் வயதும் தகட்டின் வயதும்

ரப்பர் மரத்தின் பயன்காலம் 25 முதல் 30 ஆண்டு. சோலார் தகட்டின் ஆயுளும் அதேதான்.

பால் வற்றிய மரத்தைத் தோட்டத்தில் தள்ளிவிட்டு மறுநடவு செய்வார்கள். தள்ளிய மரம் பல பத்தாண்டுகளாக விறகுக்குத்தான் போனது; மிஞ்சியதைத் தோட்டத்திலேயே எரித்தார்கள். மாவுச்சத்து நிறைந்த அந்த மரத்தை வெட்டிய சில நாளிலேயே வண்டும் பூஞ்சையும் அரிக்கும். வண்டு தின்னும் மரம் எதற்கு ஆகும் என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். கெப்போங்கில் உள்ள வன ஆராய்ச்சி நிலையத்தில் அதற்கு விடை தேடினார்கள். வெட்டியவுடன் போரான் உப்புக் கரைசலை ஏற்றி, உலையில் முறையாக உலர்த்தினால் மரம் நிற்கும் என்று கண்டார்கள். இன்று மலேசியா ஏற்றுமதி செய்யும் மரத் தளவாடங்களில் பெரும்பங்கு ரப்பர் மரம். யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். பால்மரத்தை யானையாக்கியது விஞ்ஞானமும், எதையும் வீணாக்காத தோட்டக் கணக்கும்.

ஆனால் முதல் நடவுக்கும் முதல் நாற்காலிக்கும் இடையே எண்பது ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. எத்தனை தலைமுறை மரங்கள் புகையாகப் போயின!

தகட்டுக்கு அத்தனை கால அவகாசம் இல்லை. 2011 டிசம்பரில் தொடங்கிய திட்டத்தின் முதல் 21 ஆண்டு ஒப்பந்தங்கள் 2032இலிருந்து முடியத் தொடங்கும். காஜாங், செமினி, பாங்கியின் தாமான் கூரைகளில் அன்று ஏறிய தகடுகளை என்ன செய்வது என்று வீட்டுக்காரர்கள் அப்போது கேட்பார்கள். 2050க்குள் உலகில் கழியும் தகடுகள் மொத்தம் 78 மில்லியன் டன்னை எட்டலாம் என்று அனைத்துலகப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் முகமை 2016இலேயே கணக்கிட்டது. அவற்றுள் நம் கைகள் செய்து அனுப்பிய தகடுகளும் இருக்கும்.

தகடு செய்யும் நாடு என்ற பெருமை நமக்கு இருக்கிறது. தகட்டைப் பிரிக்கத் தெரிந்த நாடு என்ற பெருமையும் நமக்கு வேண்டும். அதற்கான அறிவு வெளியிலிருந்து வரக் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரே தகட்டிடம் இரண்டு விளைச்சல் வாங்கிய பாங்கி ஆய்வுக்கூடம், பேட்டரியைத் தவிர்த்த யுனிடென் கூரை, ஓட்டைத் தவிர்த்த கார் நிறுத்துமிடம், விறகை நாற்காலியாக்கிய கெப்போங் எல்லாம் அரைநாள் சுற்றில் பார்க்கக்கூடிய தூரத்தில் இருக்கின்றன. நம் பொறியியல் மாணவர்கள் தகடு வரையும்போது, அது எத்தனை சதவீதம் மின்சாரம் தரும் என்று கேட்பதோடு, எத்தனை நிமிடத்தில் அதைக் கழற்றலாம் என்றும் கேட்கட்டும்.

மரத்தில் காய்ந்து ஒட்டிய பாலையும் உரித்துக் கூடையில் போட்டவர்களின் பேரப்பிள்ளைகள் அந்த மாணவர்களில் இருக்கிறார்கள். பாட்டி கையில் உளியும் கூடையும் இருந்தன. பேரன் கையில் சூடான கத்தியும் அமிலத் தொட்டியும் இருக்கலாம். வேலை ஒன்றுதான்.

*அடுத்த வாரம்: சிலிக்கானை உருக்கும் உலைக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது? பாக்குன் அணையின் நீர் சரவாக்கின் சமலாஜுவில் சிலிக்கானாக மாறும் கதை.*